ஓட்டுக்கு ஒரு நாற்காலி

தேர்தல்கள் தூய்மையாக நடக்க வேண்டும் என்று அரசு ஒரு நாள் முடிவு செய்தது. அதே கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பிறகு, அரசு வாங்கும் சாமான்களும் தூய்மையாக வாங்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தது. தூய்மைகள் இரண்டு, நிதி ஒன்றுக்குத்தான் இருந்தது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. 'தேர்தல் குற்றம் மற்றும் கொள்முதல் கூட்டுச்சதி ஒழிப்புத் தனிப் பிரிவு' என்பது அதன் பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் இயக்குநரகத்திலேயே ஒருவர் இருவர்தான் இருந்தார்கள்.

அந்தப் பிரிவுக்குத் தனி அதிகாரியாக வந்தவர் தணிக்கைத் துறையில் தலைமுடி நரைத்த ஒரு பெண்மணி. தணிக்கைக்குப் போன இடங்களில் கொடுத்த டீயைக் குடிக்காமலே திருப்பி அனுப்புவார் என்பதால் அவருக்குக் 'கறார் மேடம்' என்று பெயர். இப்படிப்பட்டவரை எங்கே வைப்பது என்று துறை நெடுங்காலமாகக் குழம்பிக்கொண்டிருந்தது. புதிய பிரிவு தோன்றியதில் குற்றவாளிகளைவிட முதலில் நிம்மதி அடைந்தது அந்தத் துறைதான்.

அவருக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. மேசைகள் இருந்தன, மின்விசிறி இருந்தது, கதவு சாத்தாத இரும்பு அலமாரி ஒன்றும் இருந்தது. உட்காருவதற்கு மட்டும் எதுவும் இல்லை. முன்பு அங்கிருந்த துறை காலி செய்யும்போது நாற்காலிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது.

தலைமை எழுத்தர் கைகட்டி நின்றிருந்தார். எதைக் கேட்டாலும் "விதிப்படி பார்த்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். ஆகவே அவரை எல்லோரும் 'விதி சார்' என்று கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகத்துக்கு வரும்.

"உட்காருங்க மேடம்னு சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றார் அவர். "விதிப்படி பார்த்தா மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கணும். அதுல குறைஞ்ச விலைக்கு நாற்காலி வாங்கணும். அப்புறம்தான் உட்காரணும்."

"சரி, வாங்குங்க."

விலைப்புள்ளிகள் வந்தன. மூன்றும் மூன்று நிறத் தாள்களில், மூன்று கடைகளின் பெயரில் இருந்தன. கறார் மேடம் நின்றபடியே படித்தார். முதல் தாளில் 'கூட்டுச்சதி ஒளிப்புத் தனிப் பிரிவு' என்று எழுதியிருந்தது. சதியை ஒழிக்க வந்த அலுவலகத்தைச் சதியை ஒளித்து வைக்கும் அலுவலகமாக ஆக்கியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டாவது தாளை எடுத்தார். அதிலும் ஒளிப்பு. மூன்றாவதிலும் ஒளிப்பு.

அவர் சிரிப்பு நின்றது. மனசுக்குள் ஏதோ துள்ளியது. அலுவலகம் திறந்த வேகத்தில், உட்காரக்கூட இடமில்லாத நேரத்தில், முதல் வழக்கு தானாகவே படியேறி வந்திருக்கிறது!

"விதி சார், மூணும் ஒரே கை எழுதினது. இது கூட்டுச்சதி."

"ழகரம் வராதது நாடு பூரா இருக்கற வியாதி மேடம். அதைச் சதின்னு சொன்னா நம்ம இயக்குநரையே முதல்ல பிடிக்கணும்."

இருந்தாலும் மூன்று கடைக்காரர்களுக்கும் அழைப்பாணை போனது. வந்தவர்கள் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவரை ஊரில் முக்கடையார் என்பார்கள். அரசு அலுவலகங்களுக்குக் குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை போடுகிறவர். நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பார். பின்னால் அவர் மனைவியும், மனைவியின் தம்பியும் வந்தார்கள்.

"இந்த மூணு கடைக்கும் யார் யார் சொந்தக்காரங்க?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணு என்னது. ஒண்ணு வீட்டுக்காரிது. ஒண்ணு மச்சானோடது" என்றார் முக்கடையார். "போட்டி பயங்கரமா இருக்கு மேடம். தொழில் பண்ணவே முடியல."

"நீங்க மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே விலை போட்டீங்க?"

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரோட நானா? பேசறதை விட்டே எவ்வளவோ காலமாச்சு மேடம். சாப்பாடு ரெடின்னு சுவத்தைப் பார்த்துதான் சொல்றேன். இவர்கூட போய்ச் சதி பண்ணுவேனா? எனக்கு ஒரு மானம் மரியாதை இல்ல?"

மேடம் மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க கடையில..."

"எனக்குக் கடை இருக்கா?" என்று அவன் அக்காவைப் பார்த்துக் கேட்டான். அவன் முகத்தில் பயத்தின் நிழல்கூட இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு விதி சார் தொண்டையைச் செருமினார். "விதிப்படி பார்த்தா, கூட்டுச்சதிக்கு ரெண்டு பேராவது வேணும் மேடம். இவங்க வேற வேற ஆளுங்கன்னா மூணு விலைப்புள்ளியும் செல்லும், டெண்டர் சுத்தம். மூணும் ஒரே ஆளுன்னா, அவர் தனியாள். தன்னோட தானே கூடிப் பேசிச் சதி பண்ண சட்டத்துல இடமில்ல. எப்படிப் பார்த்தாலும் குற்றம் இல்ல."

"எனக்கு எப்படிப் பார்த்தாலும் குற்றம்னுதான் தோணுது."

"தோணறதுக்கு விதி இல்ல மேடம்."

வழக்குப் போட முடியவில்லை. அதற்காகக் கறார் மேடம் அந்த நாற்காலிகளை வாங்கவும் இல்லை. விலைப்புள்ளிகளை ரத்து செய்தார். அந்த ஊரில் நாற்காலி விற்பவர் வேறு யாரும் இல்லை என்பதால், தனிப் பிரிவு முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்தது.

இந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் வேறு ஏதோ வேலையாக வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் 'உட்கார நேரமில்லாத அலுவலகம்' என்று எழுதிவிட்டார். இயக்குநர் அதைப் படித்துப் பூரித்துப்போனார். நின்றபடி நிர்வாகம் செய்வதே நவீன நிர்வாகம் என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை பறந்தது. கால் மாற்றி நின்று கோப்புப் பார்ப்பது எப்படி என்று பயிற்சி வகுப்புகள் நடந்தன. மார்பளவு உயர மேசைகள் வாங்கப்பட்டன, மூன்று விலைப்புள்ளிகளின் பேரில். நிற்பதன் நன்மைகளைப் பற்றி ஒரு நிபுணர் வந்து அரை நாள் உரையாற்றினார். அனைவரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

கறார் மேடத்துக்கு முழங்கால் வீங்கியது. அவருடைய கணவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். சாயங்காலம் ஒரு களிம்புக் குழாயோடு வீட்டுக்கு வந்து, மனைவியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நாட்டைத் தூக்கி நிறுத்தப் போறேன்னு போன. உன்னையே நிறுத்தி வச்சுட்டாங்களாம்மா?"

"கேலி பண்ணாதீங்க. ஒரு வழக்கு, ஒரே ஒரு வழக்கு கையில சிக்கட்டும். அப்புறம் பாருங்க."

அந்த வழக்கு வீதி வீதியாக வந்துகொண்டுதான் இருந்தது.

நகரமன்றத் தேர்தல் அறிவித்தாயிற்று. பதவியில் இருந்த தலைவர் மறுபடியும் போட்டியிட்டார். ஊரின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். அரசாங்கமே எல்லோரையும் நிற்கச் சொல்லும் காலத்தில் 'நின்றது போதும், உட்காருங்கள்!' என்று சுவரெல்லாம் எழுதினார். எழுதியதோடு விடவில்லை, ஓட்டுக்கு ஒரு நாற்காலி வீதம் வீட்டுக்கு வீடு கொடுத்தும் விட்டார். கைப்பிடி வைத்த, வெளிர்பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. வீதியில் நடந்தால் இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கறார் மேடம் விதி சாரை அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"இந்த நாற்காலி ஏது?"

"இதுவா? எங்க தாத்தா காலத்துது."

"மேல சுத்தின பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கலையே?"

"தாத்தா எதையுமே பத்திரமா வச்சுக்கற ஆளு மேடம்."

அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, "வந்துது" என்றாள்.

"எங்கேருந்து?"

"தெருவுலேருந்து."

"தானாவா?"

"அதான் நாலு கால் இருக்கே மேடம்."

மேடம் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் தலைவரின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். சிரிப்புக்குக் கீழே 'நகர மருத்துவமனை' என்று அச்சு இருந்தது.

அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனார். காத்திருப்போர் கூடத்தில் நோயாளிகள் சுவரில் சாய்ந்தும், தூணைப் பிடித்தும், முடியாதவர்கள் தரையில் குந்தியும் இருந்தார்கள். பண்டகக் காப்பாளரைப் பிடித்தார்.

"இங்க போடறதுக்குன்னு நாற்காலி வாங்கினீங்களா?"

"வாங்கினோமே! மூணு விலைப்புள்ளி வாங்கி, முக்கடையார்கிட்டதான். எல்லாம் வந்து சேர்ந்தாச்சு மேடம்."

"எங்கே?"

"வெளிநோயாளிகளுக்காக வாங்கினது. அவங்க வெளியிலதானே இருக்காங்க? நாற்காலியும் வெளியில இருக்கு."

கூடத்தின் நடுவிலேயே கறார் மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கூடிப் பேசி வாங்கிய நாற்காலி, ஓட்டுக்கு லஞ்சமாகப் போயிருக்கிறது. கொள்முதல் சதியும் தேர்தல் குற்றமும் ஒரே பொருளில், கைப்பிடியோடு! இரண்டு தூய்மைகளையும் ஒரே அலுவலகத்தில் வைத்த அரசின் தொலைநோக்கை அவர் வாழ்க்கையில் முதல் முறையாக மெச்சினார்.

ஆனால் சாட்சி வேண்டும். 'ஆமாம், ஓட்டுக்காக வாங்கினேன்' என்று ஒரு வாய் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அப்படிப்பட்ட வாய் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த வாய் தானாகவே மாடியேறி வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையற்காரர், மூச்சு வாங்க வாங்க வந்து நின்றார்.

"மேடம், மோசடிப் புகார் கொடுக்கணும். தலைவர் மேல."

மேடம் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க."

"எங்க வீட்ல ஓட்டு நாலு. நான், வீட்டுக்காரி, தம்பி, தங்கச்சி. வந்திருக்கற நாற்காலி மூணு. ஏன்னு கேட்டா, தங்கச்சி கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிடும், அது நிரந்தர ஓட்டு இல்லேங்கறாங்க. கல்யாணம் நிச்சயமாகாத பொண்ணைப் பத்தி இப்படிப் பேசலாமா மேடம்? தங்கச்சி அழுதுக்கிட்டு நிக்குது. உட்கார இடமும் இல்ல."

"அப்ப, ஓட்டுக்காக லஞ்சம் வாங்கினதை ஒத்துக்கறீங்க?"

"முழுசா வாங்கலைன்னுதானே மேடம் சொல்றேன்!"

அந்த ஒரு வாக்குமூலத்தின் பலத்தில் பறிமுதல் தொடங்கியது. லாரி லாரியாக நாற்காலிகள் வந்தன. அறை நிரம்பியது, நடைபாதை நிரம்பியது, மாடிப்படியில் ஒருக்களித்துத்தான் ஏற முடிந்தது. தனிப் பிரிவு ஊழியர்கள் கூரை தொடும் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே கால் கடுக்க நின்றார்கள். அவை சாட்சிப் பொருள்கள். உட்கார்ந்தால் சாட்சியைக் கலைத்த குற்றம் என்று விதி சார் சொல்லிவிட்டார். மேடமும் ஒரு நாள், யாரும் இல்லாதபோது, ஒரு கைப்பிடியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஊர் அவரைத் தூற்றியது. காய்கறிக்காரி மிச்சச் சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் தராசுத் தட்டில் வைத்தாள். "உட்கார்ந்தவங்களை எழுப்பி விட்ட புண்ணியவதி போறா" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். அவருக்கு வலித்தது. உங்களுடைய மருத்துவமனையிலிருந்து திருடியதைத்தானே உங்களுக்கே கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒருத்தரிடம் சொல்லியும் பார்த்தார். "நம்ம ஆஸ்பத்திரி நாற்காலின்னா நம்மளுதுதானே மேடம்? அப்புறம் ஏன் பிடுங்கினீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தலைவரை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யாருக்கும் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்காதவர். அவருக்குத்தான் போடுவது என்று கறார் மேடம் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். வாத்தியார் தெருமுனைகளில் நின்று சாக்கடையைப் பற்றிப் பேசினார். புள்ளிவிவரத்தோடு பேசினார். கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவன், "அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே, எங்க நாற்காலியை வாங்கித் தருவீங்களா?" என்றான். வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முயற்சி பண்ணலாம்" என்றார். எழுந்த ஆரவாரத்தில் ஒலிபெருக்கி அடங்கிப்போனது.

நாற்காலி கொடுத்தவர் தோற்றார். பிடுங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர் அமோகமாக ஜெயித்தார்.

ஜெயித்த கையோடு மாலையைக்கூடக் கழற்றாமல் தனிப் பிரிவுக்கு வந்தார். "மேடம், நான் ஜெயிச்சதே உங்களாலதான்."

விதி சார் ஓடிப் போய்க் கதவைச் சாத்தினார். "அப்படியெல்லாம் சத்தமாச் சொல்லக் கூடாது சார். அரசு ஊழியர் வேட்பாளருக்கு உதவினா அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு."

"எந்தப் பிரிவு?"

"நாங்கதான் சார்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "வாக்குக் கொடுத்துட்டேன் மேடம். அந்த நாற்காலிகளை ஜனங்ககிட்ட திருப்பிக் கொடுத்துரணும்."

"அது ஆஸ்பத்திரியோடது சார். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஓட்டு இல்லையே" என்றார் வாத்தியார். அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் இயக்குநர் தொலைபேசியில் வந்தார். மக்களின் தீர்ப்பை மதித்து நாற்காலிகளை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், முறைப்படி ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

கறார் மேடம் யோசித்தார். முறைப்படி ஒப்புகை என்ற இரண்டு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டார். 'இந்த நாற்காலி என் ஓட்டுக்காக முன்னாள் தலைவரால் எனக்கு லஞ்சமாகத் தரப்பட்டது என்பதால் இது எனக்கே உரியது என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வாசகம் எழுதி, அதில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டுமே நாற்காலி என்று அறிவித்தார். யார் போடுவார்கள்? ஒரு பயலும் வர மாட்டான். நாற்காலிகளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். அப்படித்தான் அவர் நினைத்தார்.

காலையில் வந்து பார்த்தபோது வரிசை தெரு தாண்டி, திருப்பம் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. தாத்தா காலத்து நாற்காலிக்காரர் வந்திருந்தார். நாற்காலி தானாக நடந்து வந்த அம்மாளும் வந்திருந்தாள். நாற்காலியே கிடைக்காத தையற்காரரின் தங்கைகூட, தனக்கு லஞ்சம் கிடைத்ததாகச் சத்தியம் செய்யத் தயாராக நின்றாள். எல்லோரும் வாசித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக் கொடுத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மேடத்துக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. தேர்தல் குற்ற வரலாற்றில் இத்தனை ஒப்புதல் வாக்குமூலங்களை யார் வாங்கியிருக்கிறார்கள்? ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது! அவர் உற்சாகமாக வரிசையை ஒட்டி நடந்தார். ஒருவர் மட்டும் அவரைப் பார்த்ததும் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். சட்டையைப் பார்த்ததுமே மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே மேடம்தான்.

"என்னங்க? நீங்களா!"

"கத்தாதே" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைக்கு வர்றவங்க காய்ச்சலோட நிக்கறாங்க. வந்து குடுத்தாங்க, வாங்கிப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பறிமுதல் பண்ணுவ."

"சொல்லாமலும் பண்ணியாச்சே! யாரு பண்ணினது? எனக்கு ஏன் தெரியாது?"

விதி சார் பணிவோடு முன்னால் வந்தார். "நான்தான் மேடம். உங்க வீட்டுக்காரர்னு பார்க்காம எடுத்தோம், அது நேர்மை. உங்ககிட்ட சொல்லல, அது மரியாதை."

அன்று சாயங்காலம் வீட்டில் களிம்புக் குழாய் அலமாரியிலேயே இருந்தது. இருவரும் சாப்பாட்டு மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். கறார் மேடம் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் போட்டா எல்லார் மேலயும் போடணும்" என்றார் கடைசியில்.

"போடு."

"உங்க மேலயுமா?"

"என் பேரை விட்டுட்டா ஊர்ல ஒருத்தரும் உன்னை நம்ப மாட்டாங்க."

"போட்டா?"

"வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றார் அவர். மனைவியின் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேம்மா. போடு. ஆனா என் பேரை முதல்ல போட்டுப் பேர் வாங்காதே. அகர வரிசையில போடு" என்றார்.

அகர வரிசையிலேயே போட்டார். அதிலும் கணவர் பெயர்தான் முதலில் வந்தது.

நீதிமன்றத்தில் ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. ஊர்தான் குற்றவாளி. முன்னாள் தலைவரின் வக்கீல் எழுந்து, "லஞ்சம் என்பது தன் பொருளைப் பிறருக்குக் கொடுப்பது. இந்த நாற்காலிகள் மருத்துவமனையுடையவை என்று அரசுத் தரப்பே நிரூபித்துவிட்டது. என் கட்சிக்காரர் தன்னுடையது எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவருடைய பொதுவாழ்க்கை முழுவதும் அதற்குச் சாட்சி" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். அப்படியானால் இது திருட்டு, திருட்டை விசாரிக்க வேறு துறை இருக்கிறது என்று முன்னாள் தலைவர் விடுவிக்கப்பட்டார். அந்த வேறு துறைக்குத் தகவல் தபாலில் போனது. முக்கடையார் கேட்ட சாமானைக் கேட்ட இடத்தில் இறக்கியவர், முறையாக மூன்று விலைப்புள்ளியோடு. அவரும் எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு வெளியே போனார்.

மிஞ்சியவர்கள் வாங்கியவர்கள் மட்டும்தான். அவர்கள் கையெழுத்தே போட்டிருந்தார்கள். சட்டப்படி அவர்கள் ஓட்டுரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. மேல்முறையீடு முடியும்வரை நாற்காலிகள் யாருக்கும் தரப்படாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் பூட்டி வைக்கப்பட்டன. மருத்துவமனை புதிதாக வாங்கலாமா என்று கேட்டது. பதிவேட்டின்படி ஏற்கனவே போதுமான நாற்காலிகள் இருப்பதால் வாங்கத் தேவை எழவில்லை என்று பதில் வந்தது.

தனிப் பிரிவுக்குப் பாராட்டுக் கேடயம் கிடைத்தது. ஓட்டுக்கு லஞ்சம் முற்றிலும் ஒழிந்த முதல் நகரம் இதுவே என்று இயக்குநர் மேடையில் அறிவித்தார். உண்மைதான். வாங்குவதற்கு யாரிடமும் ஓட்டு இல்லை. கறார் மேடம் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கும்போது மேடைப்படியில் முழங்கால் மடங்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"களிம்பெல்லாம் இனிமே கேக்காது. டாக்டரைப் பாரு" என்றார் கணவர். கடையை விட்டு வர முடியவில்லை என்று அவரைத் தனியாகவே நகர மருத்துவமனைக்கு அனுப்பினார்.

காத்திருப்போர் கூடம் அப்படியேதான் இருந்தது. சுவரோரம் முழுக்க ஆள்கள் சாய்ந்திருந்தார்கள். நடுவில் பிடிமானம் இல்லாமல் நின்ற மேடத்தை எல்லோரும் பார்த்தார்கள். பெரும்பாலும் அவர் தண்டனை வாங்கிக் கொடுத்த முகங்கள். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது சுவரோரத்தில் ஏதோ அசைந்தது. ஒருவர் தள்ளி, அடுத்தவரைத் தள்ளச் சொல்லி, அவர் அதற்கடுத்தவரை இடித்து, ஒரு ஆள் சாயும் அளவுக்குச் சுவரில் இடம் விட்டார்கள்.

"வாங்க மேடம், இங்க சாஞ்சுக்குங்க" என்றது ஒரு குரல். தையற்காரர்.

மேடம் போய்ச் சாய்ந்துகொண்டார். நன்றி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் தையற்காரரே பேசினார்.

"மேடம், எங்க ஓட்டுரிமை எப்ப திரும்பி வரும்?"

சுவரோரம் இருந்த எல்லா முகங்களும் ஆவலோடு அவர் பக்கம் திரும்பின. மேடத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இழந்த பிறகுதான் இவர்களுக்கு ஓட்டின் அருமை தெரிந்திருக்கிறது! பட்ட பாடு ஒன்றும் வீணாகவில்லை.

"அடுத்த தேர்தலுக்கு முன்னால மனு போட்டா வந்துரும்" என்றார். "ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து பேசி முடிவு பண்ணிட்டோம். போன தடவை மாதிரி தனித்தனியா வாங்கினா எனக்கு ஒண்ணு குறையுது, உனக்கு ஒண்ணு கூடுதுன்னு சண்டை வருது. அதனால இந்தத் தடவை யார் நின்னாலும் சரி, மொத்தமா இங்க போடறதுக்கு நீள பெஞ்சாக் கேட்டுரலாம்னு இருக்கோம்."

தேர்தல் குற்றம். அதுவும் கூடிப் பேசி, கூட்டுச்சதியாக. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்று எல்லாம் கறார் மேடத்தின் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அவர் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். முழங்கால் சுரீரென்றது. மறுபடியும் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சாய்மானம் வச்சதா?" என்று கேட்டார்.